கூடைப்பந்து அணி (தமிழ்நாடு): ஆட்டப் பருவமும் ஆட்டக்காரர் மாற்றமும்

கூடைப்பந்து அணியின் பெயர்ப் பட்டியலில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர் ஐவர். மற்ற எழுவரும் பெஞ்சில். இந்தப் பன்னிரண்டு பேரும் எந்த வழியாக அணிக்குள் வருகிறார்கள், எந்த வழியாக வெளியே போகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் அதை முடிவு செய்வது ஒப்பந்தப் பத்திரம். தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக அதை முடிவு செய்து வந்தது பணி நியமன ஆணை. 2015 முதல் நகரங்களின் பெயரைத் தாங்கிய லீக் அணிகள் தோன்றி இன்னொரு வழியைத் திறந்தன. இரண்டு வழிகளுக்கும் ஆட்களை அனுப்புபவை பள்ளி, கல்லூரிக் களங்கள். செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரியில் உள்ள பல்கலைக்கழகக் களம் அவற்றுள் ஒன்று.

தொடக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் (ஒய்எம்சிஏ) பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழக் கூடைகளைச் சுவரில் மாட்டி ஆடியதால் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் வந்தது. அதே சங்கத்தின் வழியாகத்தான் அது சென்னைக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் பயின்றவர்கள் தமிழகப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். ‘பி.டி. வாத்தியார்’ என்று நாம் அழைக்கும் அந்த ஆசிரியர்களால்தான் சின்ன ஊர்களின் பள்ளிகளில்கூட இரண்டு கம்பமும் இரண்டு பலகையும் நட்ட சிமென்ட் தரைகள் வந்தன. தமிழகக் கூடைப்பந்தின் உண்மையான அடித்தளம் அந்தச் சிமென்ட் தரைதான். பின்னால் வந்த மரத்தரை அரங்குகள் எல்லாம் அதன்மேல் எழுந்தவை.

ஆண்களுக்கான தேசியப் போட்டி முதன்முதலில் 1934இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் அமைந்தது. இந்திய ஆண்கள் அணி 1975 ஆசியப் போட்டியில் நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை, 1980இல் மாஸ்கோவில்.

துறை அணிகள்

அணி என்றால் இங்கே நெடுங்காலமாக ‘டிபார்ட்மென்ட் டீம்’. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐசிஎஃப், வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகியவை சென்னையின் பழைய பெயர்கள். இந்த அணிகளில் ஆடுபவர் நிறுவனத்தின் ஊழியர். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி என்று நாள் போகும். போட்டிக் காலத்தில் அலுவலகம் விடுப்புத் தரும். முழங்கால் விட்டுப்போனாலும் சம்பளம் வரும்; ஆட்டம் முடிந்த வயதிலும் மேசையும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் இருக்கும்.

இதனால் பட்டியல் மாற்றம் மெதுவாக நடந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் காலியானால் அறிவிப்பு வரும், ட்ரையல்ஸ் நடக்கும், ஓரிருவர் தேர்வாவார்கள். நிரந்தர வேலைக்கு முன்பு உதவித்தொகை கொடுத்து இளைஞர்களை அணியில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் உள்ளே வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதே பனியன்தான். ஐந்து பேர் பத்தாண்டு சேர்ந்து ஆடும்போது, திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுக்கும் பழக்கம் கைகூடும். வங்கி அணிகளின் ஆட்டத்தில் ரசிகர்கள் சிலாகித்தது அந்தப் புரிதலைத்தான். அதன் குறையையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பத்தாண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால், இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுவனம் நிறுத்தினால் அணி அப்படியே முதுமை அடையும்.

வேலை எங்கே என்பது எந்த மாநிலத்துக்கு ஆடுவது என்பதையும் தீர்மானித்தது. வங்கி ஊழியர் தேசியப் போட்டியில் தான் பணிபுரியும் மாநிலத்துக்கு ஆடலாம். குஜராத்தில் பிறந்த நெடிய உயரக்காரர் ரிக்கின் பெத்தானி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் சேர்ந்தார். தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு ஆடினார். அதற்கு முந்தைய தலைமுறையில், கேரளத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய ஜெய்சங்கர் மேனன் இந்திய அணித் தலைவராகவும், ஆசிய ஆல் ஸ்டார் அணியில் ஆடிய முதல் இந்தியராகவும் உயர்ந்தார். ரயில்வே வேலை இதற்கு நேர் எதிர். தேசியப் போட்டியில் இந்திய ரயில்வே தனி அணியாக இறங்குவதால், ரயில்வேயில் சேர்ந்தவர் மாநில அணியை விட்டுப் போய்விடுவார். ஆக, ஒரே நியமன முறை தமிழ்நாட்டுக்கு ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது. 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்ளரங்கில் நடந்த 71ஆவது தேசியப் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி இறுதியில் பஞ்சாபை வென்றபோது, அந்த வெற்றிக்குப் பின்னால் இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவம் இருந்தது.

சுழற்கோப்பைப் பருவம்

துறை அணிகளுக்கு அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும் லீக் பருவம் கிடையாது. அவற்றின் பருவம் ஊர் ஊராகப் போகும் சுழற்கோப்பைகள். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, கோவையில் ஆண்களுக்கான நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பை என்று வரிசை நீளும். இந்திய விமானப்படை, லோனாவாலா கடற்படை, ராணுவம், கேரள மின்வாரியம் ஆகியவையும் வரும். கோடை இரவில், மின்னொளியில், ஊரே திரண்டு காலரியில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டங்கள் அவை. அனுமதி, விருந்தோம்பல், பரிசுத்தொகை எல்லாம் ஊர்ப் பெரியவர்களும் பழைய ஆட்டக்காரர்களும் சேர்ந்து செய்வது. பெருநகரத்துக்கு வெளியே கூடைப்பந்தை உயிரோடு வைத்திருந்ததில் பெரியகுளத்துக்கும் கரூருக்கும் உள்ள பங்கை எந்த லீக்கும் இதுவரை எட்டவில்லை.

போன ஆண்டு பார்த்த அதே முகங்கள் இந்த ஆண்டும் வந்ததால், ஊர்க்காரர்களுக்கு வெளியூர் ஆட்டக்காரரும் உறவுபோல் ஆனார். நிலையான பட்டியலின் பெரிய பயன் இதுதான்.

பொத்தேரி

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்ரயில் பாதையில், கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவே உள்ள நிறுத்தம் பொத்தேரி. ஜிஎஸ்டி சாலையை ஒட்டி 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்ஆர்எம், 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. விளையாட்டுத் திறமைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் முறை இங்கே உண்டு. மற்றப் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு வரும் இடத்துக்கு, பள்ளி மாநில அணியில் ஆடிய பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்போடு வருவார்கள்.

பல்கலைக்கழக அணியின் பட்டியல் மாற்றத்தை யாரும் தடுக்க முடியாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆட வயது வரம்பு 25. அதற்கு முன்பே பட்டம் கைக்கு வந்துவிடும். மூன்றாம் ஆண்டில் அணியின் முதுகெலும்பாக இருந்து ஆட்டத்தை வழிநடத்திய பாயிண்ட் கார்டு, அடுத்த ஜூனில் இருக்கமாட்டார். எனவே கல்லூரிப் பயிற்சியாளர் ஒவ்வோர் ஆண்டும் மூன்று நான்கு இடங்களை நிரப்பியாக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை இரண்டாண்டு கழித்து எப்படி ஆடும் என்பதை இன்றே ஊகிக்க வேண்டும். வங்கி அணிப் பயிற்சியாளருக்கு இந்தப் பதற்றம் இல்லை. இந்த அவசரமே கல்லூரி அணிகளுக்கு வேகத்தைத் தருகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து: நாளைக்கு என்று தள்ளிப்போட அவர்களிடம் நாள் இல்லை.

லீக் அணிகள்

இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010இல் ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. எதிர்பார்த்த தொழில்முறை லீக் அதிலிருந்து வரவில்லை. 2015இல் யூபிஏ என்ற தனியார் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. சென்னையின் பெயரில் ‘சென்னை ஸ்லாம்’ இறங்கியது. இந்திய ஆட்டக்காரருக்கு ‘சீசன்’, ‘ரோஸ்டர்’ என்ற சொற்கள் பழகியது அப்போதுதான். நான்கு சீசன்களோடு 2017இல் லீக் நின்றுவிட்டது. ஆனாலும் அது வீண்போகவில்லை. அந்த லீக்கில் ஆடிய பல்பிரீத் சிங் பிராரை 2016இல் லாங் ஐலண்டு நெட்ஸும், அம்ஜோத் சிங்கை 2017இல் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வளர்ச்சி லீக்கில் தேர்ந்தெடுத்தன.

அடுத்து வந்தது ஐஎன்பிஎல் என்ற லீக். 2022 அக்டோபரில் ஆறு அணிகளோடு தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்த அதன் முதல் ஐவர் ஆட்டப் பருவத்தில் ‘சென்னை ஹீட்’ கோப்பையை வென்றது. 2025 தொடக்கத்தில் ‘ஐஎன்பிஎல் ப்ரோ’ என்ற பெயரில் மீண்டும் ஆறு அணிகள் மோதின. இந்திய ஆட்டக்காரரில் பெரும்பாலோர் 25 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை; அவர்களோடு வெளிநாட்டினரும் ஆடினர். பல்கலைக்கழகத்தின் வயது வரம்பும் இந்த லீக்கின் வயது வரம்பும் ஒன்றாக அமைந்ததைக் கவனிக்க வேண்டும். பொத்தேரி போன்ற இடத்தில் படிக்கும் ஒருவர், வேலைக்கான அறிவிப்புக்குக் காத்திருக்கும் வயதிலேயே சம்பளத்துக்கு ஆட ஒரு வாய்ப்பு உருவானது.

ஆனால் அந்த 2025 பருவம் முழுவதும் டெல்லி தியாகராஜ் அரங்கிலேயே நடந்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய அணியைச் சென்னைக்காரர் திரையில்தான் பார்த்தார். சில வாரங்களில் முடியும் பருவம், சொந்த ஊரில் ஆட்டம் இல்லாத அணி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும் பட்டியல்: இவை மூன்றும் சேர்ந்தால் ஆட்டக்காரரின் பெயர் ஊர் மனத்தில் தங்குவது கடினம். பெரியகுளம் கற்றுத்தந்த பாடத்தை லீக்குகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

என்பிஏவின் வழி

ஒப்பிட என்பிஏவின் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி பொருத்தமானது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு 2013இல் அதை வாங்கியது. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மும்பையில் ஆடின. இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. முதல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 132–131 என்று பேசர்ஸுக்குச் சாதகமாக முடிந்தது. அன்று பேசர்ஸுக்காக ஆடிய டொமாண்டஸ் சபோனிஸும், கிங்ஸுக்காக ஆடிய படி ஹீல்டும் 2022 பிப்ரவரியில் ஒரே கைமாற்றில் அணி மாறிக்கொண்டார்கள். கிங்ஸ் தன் இளம் நம்பிக்கையான டைரீஸ் ஹாலிபர்ட்டனையும் சேர்த்துக் கொடுத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த பருவத்தில் கிங்ஸ் 48 வெற்றி, 34 தோல்வியுடன் 16 பருவ இடைவெளிக்குப் பின் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஹாலிபர்ட்டன் பேசர்ஸை 2025 இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். கிங்ஸின் ஏற்றமோ நீடிக்கவில்லை: 2024 டிசம்பரில் பயிற்சியாளர் மைக் பிரௌன் நீக்கப்பட்டார், இரண்டு மாதத்துக்குள் டியாரன் ஃபாக்ஸும் சான் அன்டோனியோவுக்குப் போனார்.

அங்கே ஆட்டக்காரருக்குப் பெரும் பணம் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்குத் தம் ஊரைத் தாமே முடிவு செய்யும் உரிமை இல்லை. இங்கே பணம் குறைவு. ஊரும் வீடும் உறுதி.

பெண்கள்

யூபிஏவும் ஐஎன்பிஎல் ப்ரோவும் ஆண்களுக்கானவை. ஆகவே தமிழகப் பெண் ஆட்டக்காரருக்கு நியமன ஆணைதான் முழு நம்பிக்கையாக இருந்து வந்தது. அதை அதிகம் தந்தது தெற்கு ரயில்வே. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவரானார். தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தபடியே ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்திலிருந்து தெற்கு ரயில்வேக்கு வந்த கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஒப்பந்தமானார். 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகள் அவரை ட்ரையல்ஸுக்கு அழைத்தன. தேர்வாகவில்லை. திரும்பி வந்த அவருக்கு ஆட ரயில்வே அணி இருந்தது; 2014இல் அர்ஜுனா விருது கிடைத்தது.