தொட்டியும் தடமும்: வறண்ட பாலைவனக் காப்பகங்களில் காட்டுயிர்களுக்குத் தண்ணீர்

2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தென்கோடிப் பாலைவனத்தில் வான்வழிக் கணக்கெடுப்பு நடந்தது. சொனோரன் பிராங்ஹார்ன் என்னும் விலங்கு அந்நாட்டில் 21 மட்டுமே மிஞ்சியிருப்பதாக அதில் தெரியவந்தது. பார்வைக்கு மான்போல இருக்கும் இது, நிலத்தில் மிக வேகமாக ஓடும் விலங்குகளுள் ஒன்று. 1967இலேயே அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. இதன் முக்கியப் புகலிடமான கபேசா பிரியெட்டா காப்பகம் 1939இல் அமைக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 3,480 சதுர கிலோமீட்டர். மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. கிழக்கில் அதைப்போல மூன்று பங்கு. 2002இல் அதுவும் பொய்த்தது.

தண்ணீர் இல்லாமல் செத்தன, ஆகவே தண்ணீர் வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தமிழக வாசகர்களுக்கும் இந்த எண்ணம் பழக்கமானதே. ஒவ்வொரு கோடையிலும் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வனத்துறை லாரிகள் தொட்டிகளை நிரப்பும் படம் நாளிதழ்களில் வருகிறது. பார்க்கிற மனம் நிறைகிறது. ஆனால் பாலைவனக் காப்பகங்களில் முக்கால் நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் அனுபவம் அந்த நிறைவோடு நின்றுவிட அனுமதிப்பதில்லை. தொட்டி காப்பாற்றிய இடம் உண்டு, பயனில்லாமல் போன இடம் உண்டு, கொன்ற இடமும் உண்டு. அந்த விலங்குக்கு முன்பு தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது, அந்த வழியை அடைத்தது எது என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகு வைக்கப்படும் தொட்டியே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிராங்ஹார்னையே எடுத்துக்கொள்வோம். அது தன் நீர்த்தேவையின் பெரும்பகுதியைத் தின்னும் செடியிலிருந்தே பெறுகிறது. பசுமை கருகிவிடும் மாதங்களில், சங்கிலிபோல் காய்கள் தொங்கும் ஒருவகைக் கள்ளி அதற்கு உயிர்நீர். முள்ளைப் பொருட்படுத்தாமல் அந்தச் சதைப்பற்றுள்ள காய்களைத் தின்றே வறட்சியைத் தாண்டப் பார்க்கும். அந்தக் கள்ளியும் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. முற்காலத்தில் வறட்சி முற்றினால் போவதற்கு இரண்டு திசைகள் இருந்தன: வடக்கே கீலா ஆறு, தெற்கே மெக்சிகோ எல்லைக்கு அப்பால் சொனோய்ட்டா ஆறு. இன்று வடக்கே ரயில்பாதையும் எட்டாம் எண் விரைவுச்சாலையும் குறுக்கே கிடக்கின்றன. தெற்கே மெக்சிகோவின் இரண்டாம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. பிராங்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிக்கும் பழக்கமுள்ள விலங்கல்ல. அடியில் இடைவெளி இருந்தால் நுழைந்து போகும், இல்லையேல் திரும்பிவிடும். இடுப்பளவு உயரமுள்ள கம்பிவேலி அதற்கு மலைக்கு நிகர். ஆறுகளும் முன்பிருந்த ஆறுகளல்ல. பாசனத்துக்காக உறிஞ்சப்பட்டு மணலாகிவிட்டன. வறட்சி என்பது இயற்கை. தப்பிப் போக வழியில்லாத வறட்சி மனிதர் செய்தது.

ஆகவே 2002க்குப் பிறகு அங்கே நடந்த மீட்புப் பணியைத் தானதருமமாகப் பார்க்கக் கூடாது, ஈடாகவே பார்க்க வேண்டும். அதில் தண்ணீர் வைத்தது ஒரு பகுதிதான். கிணறு தோண்டிச் சில துண்டு நிலங்களுக்குப் பாசனம் செய்து, செடிகொடிகள் பசுமையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேலியிட்ட பெரிய அடைப்பில் சில விலங்குகளை வைத்து இனப்பெருக்கம் செய்து, குட்டிகளை வெளியே விட்டார்கள். பாசனத் துண்டுகளின் முக்கியத்துவம் குட்டிகளின் கணக்கில் தெரிந்தது. இந்தப் பாலைவனத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: குளிர்காலத்தில் ஒன்று, கோடையின் நடுவில் ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வறள்காலம் நீளும் ஆண்டுகளில் குட்டிகள் தேறுவதில்லை. தாய்க்குப் பச்சை இல்லையென்றால் பால் இல்லை. குட்டிக்குத் தேவைப்பட்ட தண்ணீர் தாயின் தீவனத்தில் இருந்தது. பத்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அதே மாநிலத்துக் கோஃபா காப்பகத்தில் இரண்டாவது கூட்டமும் உருவாக்கப்பட்டது. கபேசா பிரியெட்டாவை ஒட்டிய இராணுவப் பயிற்சிக் களத்தில் குண்டு விழுந்த பள்ளங்களில் தேங்கிய மழைநீரைக்கூட இவை நாடின என்பதும் பதிவாகியிருக்கிறது. இன்றும் அங்கே குண்டு வீசுவதற்கு முன் பிராங்ஹார்ன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வைக்கிறார்கள்.

இதே மண்ணில் பெருங்கொம்புக் காட்டாட்டின் கதை வேறு. பாறை மலைகளில் வாழும் இந்த ஆட்டுக்காக அமெரிக்கத் தென்மேற்கில் பல்லாண்டுகளாக மழைநீர்த் தொட்டிகள் கட்டப்பட்டு வருகின்றன. அமைப்பு எளியது. சரிவான சிமெண்டு அல்லது தகரத் தளம் ஒன்றில் மழை விழுந்து வழியும். குழாய் வழியாக அது நிழலிலோ மண்ணுக்கடியிலோ உள்ள கலனில் சேரும். அதிலிருந்து ஆழமில்லாத குடிதொட்டிக்கு நீர் வரும். இயற்கையே வைத்த பாறைச் சுனைகளும் மலைகளில் உண்டு. சிலவற்றை ஆழப்படுத்தி, மேலே நிழல் போட்டார்கள். மனிதர் கைபட்ட இவற்றால் ஆடு பெருகியதா? 1999இல் பில் பிராய்ல்ஸ், ட்ரிசியா கட்லர் ஆகிய இருவரும் கபேசா பிரியெட்டாவின் பழைய கணக்குகளை ஆராய்ந்து, நீர்நிலை இருந்த மலைக்கும் இல்லாத மலைக்கும் ஆடுகளின் நிலையில் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினார்கள். அரிசோனா ஆய்வாளர்கள் சிலர் அந்த முறையியலைக் கடுமையாக மறுத்தார்கள். பிறகு ஜேம்ஸ் கெய்ன் குழுவினர் ஒரு மலைத்தொடரில் தண்ணீரை அகற்றி, இன்னொன்றில் விட்டுவைத்து ஒப்பிட்டனர். முடிவு 2008இல் வெளியானது. பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆனால் தண்ணீர் இருந்த முதற்கட்டத்தில் கடும் வறட்சி நிலவியது, அகற்றிய பிறகு நல்ல மழை பெய்தது. இயற்கை இப்படிக் குறுக்கிட்டதால் அந்தச் சோதனை எந்தக் கட்சிக்கும் இறுதித் தீர்ப்பைத் தரவில்லை. ஒன்று மட்டும் உறுதியானது: வறட்சி முற்றும்போது தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் ஆடுகள் சாகின்றன, ஏனெனில் தின்ன ஒன்றும் இருப்பதில்லை.

தொட்டி கொன்ற நிகழ்ச்சி கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் நடந்தது. 1995இல் ஓல்டு டாட் பீக் என்னும் மலையருகே ஒரு மழைநீர்த் தொட்டியைச் சுற்றி 45 பெருங்கொம்பு ஆடுகள் இறந்துகிடந்தன. குட்டிகள் தொட்டிக்குள் விழுந்து மூழ்கியிருந்தன. அழுகிய உடல்களிலிருந்து பொட்டுலினம் என்னும் நச்சு தண்ணீரில் பரவ, குடிக்க வந்தவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கட்டுவதற்கு நிதி திரட்டுவது எளிது, திறப்பு விழாவுக்கும் ஆள் வருவார்கள். கோடையின் உச்சத்தில், வண்டிப் பாதை இல்லாத மலையடிவாரத்தில், நீர்மட்டம் தாழ்ந்த தொட்டிக்குள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பவரே கிடைப்பதில்லை. ஏறி வெளியே வரச் சாய்வுப் பாதை இல்லாத தொட்டியும் பராமரிப்புக்கு ஆள் ஒதுக்கப்படாத தொட்டியும் பொறிதான்.

கோஃபா காப்பகத்தில் வழக்கே நடந்தது. 2000இல் எண்ணூறை ஒட்டியிருந்த ஆடுகள் 2006இல் நானூறுக்கும் கீழே சரிந்தன. பதறிய நிர்வாகம் 2007இல் சட்டப்படி மனிதக் கட்டுமானம் கூடாத வனப்பகுதிக்குள் இரண்டு பெரிய நீர்க்கலன்களைப் புதைத்தது. இயற்கை ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தண்ணீர் வைப்பதே தவறு என்று நீதிபதிகள் சொல்லவில்லை. வேட்டை, ஆடுகளை வேறிடத்துக்குப் பிடித்துச் செல்வது, மலைச்சிங்கம், மனித நடமாட்டம் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கலன்தான் அவசியம் என்று எந்த ஆய்வின் அடிப்படையில் முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எல்லாக் காப்பக நிர்வாகங்களையும் நோக்கிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

தண்ணீர் யாரையெல்லாம் அழைத்துவரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா மறக்க முடியாத சாட்சி. அது பாலைவனமல்ல, வறள் புல்வெளி. ஆனாலும் பாடம் பொதுவானது. 1930களில் தொடங்கி அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. வடபகுதிச் சமவெளியில் ரோன் என்னும் அரிய இரலை வாழ்ந்தது. உயர்ந்த புல்லும் குறைந்த கூட்டமும் அதற்கு வேண்டும். கிணற்று நீரை நம்பி வரிக்குதிரைகள் பெருமளவில் வந்து தங்கின. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. 1986இல் சுமார் 450 ஆக இருந்த ரோன், 1993இல் ஏறத்தாழ 45 ஆனது. 1994இல் அப்பகுதிக் கிணறுகள் பலவற்றை மூடினார்கள். வரிக்குதிரைகள் விலகிப்போயின, ரோன் மட்டும் மீண்டெழவில்லை. நல்லெண்ணத்தோடு வைத்த தண்ணீரை நிறுத்திவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஆதாரம் இல்லை.

சவூதி அரேபியாவின் மஹாஸத் அஸ்ஸைத் காப்பகம் எதிர்ப்புறத்திலிருந்து அதே உண்மையைக் காட்டுகிறது. 2,244 சதுர கிலோமீட்டர் பரப்பை முழுக்க வேலியிட்டு, 1990 முதல் அரேபிய ஓரிக்ஸை அங்கே மீண்டும் குடியேற்றினார்கள். 1972இல் காட்டிலிருந்து முற்றிலும் மறைந்துபோன விலங்கு அது. குடிநீரே இல்லாமல் செடியின் ஈரத்தாலும் பனியாலும் நெடுநாள் வாழ வல்லது. வேலி ஆடுமாடுகளையும் வேட்டைக்காரரையும் தடுத்தது, கூட்டம் பெருகியது. 1999 முதல் வறட்சி தொடர்ந்தபோது நூற்றுக்கணக்கான ஓரிக்ஸும் அதனினும் பன்மடங்கு மணல்நிற மான்களும் மாண்டன. பசிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எங்கோ தொலைவில் மழை பெய்தால் அந்தத் திசை நோக்கி நடப்பதே ஓரிக்ஸின் தற்காப்பு. வேலி அந்த நடையை நிறுத்திவிட்டது. அங்கே தொட்டி எத்தனை வைத்தாலும் புல் முளைக்கப் போவதில்லை.

தண்ணீரைக் கொடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது பெரிய உதவி என்பதற்கு நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் இருக்கிறது. 1952 முதல் டெத் வேலி காப்பகத்தின் ஒரு பகுதியான அது, பாறைப் பிளவுக்குள் கிடக்கும் வெந்நீர்ச் சுனை. ஆழத்தின் அடி காணப்படவில்லை. ஆனால் அங்கு மட்டுமே வாழும், விரல்கணுவைவிடச் சற்றே நீளமான ஒருவகை மீன் உணவு தேடுவதும் முட்டையிடுவதும் ஓரத்தில் ஓர் அறைகூட நிறையாத பாறைத்திட்டின்மேல். அதன்மீது நிற்கும் தண்ணீர் முழங்காலளவுக்கும் குறைவு. 1960களின் இறுதியில் பக்கத்துப் பண்ணை நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியதும் சுனைமட்டம் தாழ்ந்து திட்டு வெளியே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மீனுக்குத் தேவையான நீர்மட்டம் குறையாதபடியே இறைக்க வேண்டும் என்று 1976இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். லாரியில் தண்ணீர் கொண்டுவராமலே ஓர் இனம் இன்றும் உயிரோடிருக்க அந்தத் தீர்ப்பு வழிசெய்தது.

இந்தியாவின் தார் பாலைவனத்தில் இந்தப் பாடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டரில் விரிந்த பாலைவனத் தேசியப் பூங்கா கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் முதன்மையானது. உலகில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் கீழே. கோடையில் கானமயிலுக்கும் சிங்காரா மானுக்கும் தொட்டி நிரப்புவது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது. ஆனால் கானமயில் வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை. ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் தொட்டியைத் தேடித் தெருநாயும் நரியும் கால்நடையும் வரும். முட்டையிடும் புல்வெளிக்குப் பக்கத்தில் அப்படியொரு தொட்டியை வைப்பது குரூகரில் நடந்ததைத் தெரிந்தே மீண்டும் செய்வதாகும். மேலும், அதன் உயிருக்கு இன்றுள்ள பெரிய ஆபத்து தாகமல்ல, தலைக்குமேல் ஓடும் மின்கம்பி.

அந்த மண்ணுக்கென்று ஒரு நீர்முறை இருந்தது, இன்னும் முழுக்க அழியவில்லை. ஊர்க்குளமான நாடி, அதற்கு மழைநீர் வழிந்துவரும் ஆகோர் என்னும் நிலம், தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் காக்கப்படும் ஓரண் காடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகோரில் அசுத்தம் செய்வதும் மரம் வெட்டுவதும் ஊர்க்கட்டுப்பாட்டால் தடுக்கப்பட்டிருந்தன. மழைக்குப் பின் நிரம்பி, கோடையில் வற்றும் குளம் அது. வற்றுவதும் நல்லதே: ஒரே இடத்தில் எல்லா உயிரும் ஆண்டு முழுதும் மொய்ப்பதில்லை, சுற்றியுள்ள புல் மீண்டும் தழைக்கிறது. ஓரணில் குளத்தோடு தீவனமும் நிழலும் சேர்ந்தே கிடைத்தன. சிமெண்டுத் தொட்டியால் தர முடியாதது இதுதான். ஆனால் ஓரண்கள் பல வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்றே எழுதப்பட்டு, சூரிய மின் திட்டங்களுக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கப்படும் நிலைக்கு வந்தன. நீலகிரியின் கூடலூர்க் காடுகளுக்காக 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கின் தொடர்ச்சியாக, ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து காடாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கடும் வறட்சியில் தண்ணீர் வைக்கவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. 21 விலங்குகளே மிஞ்சிய நிலையில் கொள்கை பேசிக்கொண்டிருந்தால் பிராங்ஹார்ன் இருந்திருக்காது. வழி அடைபட்ட இடத்தில், குடித்தே தீர வேண்டிய விலங்குக்கு, வறட்சி தீரும் வரை தண்ணீர் வைப்பது கடமை. அப்போதும் ஏறிவரச் சாய்வுப் பாதை வேண்டும், வாரம் தவறாமல் போய்ப் பார்க்க ஆள் வேண்டும், எந்தெந்த விலங்கு வந்தது, எது செத்தது என்ற பதிவேடு வேண்டும், மழை வந்ததும் மூடும் துணிவும் வேண்டும். இவற்றுக்கு நிதி ஒதுக்காமல் தொட்டிக்கு மட்டும் ஒதுக்கும் திட்டத்தை ஏற்கக் கூடாது. அடுத்த கோடைக்கான லாரி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஜெய்சால்மரின் ஒவ்வொரு ஓரணும் அதன் நாடியும் ஆகோரும் அளக்கப்பட்டுப் பதிவேட்டில் காடாக ஏற வேண்டும். நீதிமன்ற ஆணை கையிலிருக்கும்போது அதைத் தள்ளிப்போட ராஜஸ்தான் அரசுக்குக் காரணம் ஏதுமில்லை.