மொகதிஷு: ஷா அமராத இருக்கை

சோமாலியத் தலைநகரைப் பற்றி எதைப் புரட்டினாலும் முதல் பத்தியிலேயே ஒரு பாரசீக மன்னர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘மக்அத்’ என்றால் இருக்கை, ‘ஷா’ என்றால் அரசர். ஆக, ‘மக்அதே ஷா’தான் மொகதிஷு ஆயிற்றாம். ஒலி ஒத்துப்போகிறது, சரி. எழுத்து ஒத்துப்போக வேண்டாமா? ‘மக்அத்’ அரபுச் சொல்; அதன் நடுவே ‘ஐன்’ என்னும் மிடற்றெழுத்து உண்டு. 13ஆம் நூற்றாண்டில் யாக்கூத் தம் நிலவியல் அகராதியில் இவ்வூர்ப் பெயருக்கு எழுதியவை மீம், காஃப், தால், ஷீன், வாவ் என்ற ஐந்தே எழுத்துகள். ஐன் இல்லை, ‘ஷா’வின் ஈற்று ஹகரம் நிற்க வேண்டிய இடத்தில் வாவ் நிற்கிறது. பேச்சில் தேய்ந்திருக்கலாமே என்பர். அன்றாடம் நாவில் புழங்கும் ‘இருக்கை’யை ஓர் அரபு அகராதிக்காரர் அடையாளம் காணாமல் எழுதினார் என்பதை நான் ஏற்கேன்.

1331இல் வந்திறங்கிய இப்னு பதூதா, இளைஞர்கள் படகேறி மூடிய உணவுத் தட்டோடு கப்பலுக்கு வந்து, ஆளுக்கொரு வணிகரை ‘இவர் என் விருந்தாளி’ என்று உரிமை கொண்டாடியதைக்கூடக் குறித்திருக்கிறார். அவ்வூர் ஆட்சியாளரை மக்கள் அழைத்தது ‘ஷேக்’ என்றுதான் அவர் சொல்கிறார். பாரசீகர் அங்கே இருந்தது மெய். ‘அர்பா ருகுன்’ பள்ளிவாசல் கல்வெட்டில் ஷிராஸ்காரர் ஒருவரின் பெயரே உண்டு. பள்ளிவாசலில் பெயர் பொறித்துக்கொண்டவர் ஊருக்கும் பெயர் வைத்தார் என்பது எந்த நியாயம்? ‘பார்வையைக் கொல்வது’ என்று சோமாலி மொழியில் பிரித்துக் காட்டுவோரும் உளர், அது கதை.

உள்ளூர்க்காரர் வாயில் இந்நகரம் ‘ஹமர்’. பழைய பேட்டைக்கு இன்றும் ‘ஹமர் வெய்ன்’, அதாவது பெரிய ஹமர், என்றே பெயர். செம்மண்ணால் வந்தது என்பது ஒரு கட்சி. ஆனால் சோமாலியில் ஹமர் புளியமரத்தையும் குறிக்கும். அரபு அகராதிகளும் ‘ஹுமர்’ என்பதற்குப் புளி என்று பொருள் தருகின்றன. (ஆப்பிரிக்காவில் பிறந்த மரத்துக்கு அதே அரபியர் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை, என்று இன்னொரு பெயரும் சூட்டியது தனி வேடிக்கை.) செம்மண் ஒரு வட்டாரத்துக்கே பொது; ஓர் ஊரை அடுத்த ஊரிலிருந்து பிரித்துக் காட்ட மரமே உதவும். கண்டத்தின் மறுகரையில் டக்கார் நகரின் பெயருக்கும் வோலோஃப் மொழியின் புளியமரத்தையே பலர் காட்டுகிறார்கள். மொகதிஷு கடலோடிகளின் ஏட்டில் ஏறிய பெயர். ஹமர் புளிய நிழலில் பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.