காயலைத் தூர்த்து மனை போட்ட கதை

ஊர்ல ஏரிக்கரைப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடணும்னு ஆசைப்படாத வெளிநாட்டுக்காரர் உண்டா? எனக்கும் உண்டுங்க. ஆசை வரும்போதெல்லாம் கொச்சிக்குப் பக்கத்துல இருக்கற வல்லார்பாடம் ஞாபகம் வந்து கையைக் கட்டிப்போட்டுடும்.

வேம்பநாட்டுக் காயலுக்குள்ள இருக்கற சின்னத் தீவு அது. 1524ல போர்ச்சுக்கீசியர் கட்டின மாதா கோயில் 1676 வெள்ளத்துல போயிடுச்சு. மிதந்துபோன மாதா படத்தை எடுத்துக் கொடுத்து, புதுக் கோயிலுக்கு நிலமும் தந்தவர் பாலியத்து ராமன் வலியச்சன்னு சொல்வாங்க. கொச்சி ராஜாவோட மந்திரி, இந்து. அப்போ நிலம் தானமாக் கிடைச்சிருக்கு!

ரொம்ப காலம் எறணாகுளம் போகப் படகுதான். 1994ல கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் வந்தது. பாலத்துக்குப் பணம்? எறணாகுளம் கரையோரம் காயலைத் தூர்த்து, அந்த நிலத்தை வித்தாங்க. 2004ல பாலங்கள் திறந்தாச்சு. அதாவது தண்ணியை வித்துப் பாலம்.

அடுத்து கன்டெய்னர் முனையம். அதுக்குப் போற ரோடு, ரயில் பாதைக்கு நிலம் எடுத்ததுல 316 குடும்பங்கள் வீட்டை இழந்தாங்க. 2008 பிப்ரவரி 6ஆம் தேதி மூலம்பிள்ளியில போலீஸ் காவலோட வீடுகளை இடிச்சாங்க. போராட்டம் வெடிச்சு, மார்ச் 19ல அரசு ஒரு பேக்கேஜ் அறிவிச்சது. மாற்று மனை, வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை, வீடு கட்டற வரை மாச வாடகை 5,000 ரூபாய். கூடவே, பைலிங் போட 75,000 ரூபாய்!

இந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்துது. பைலிங்குக்குத் தனியாப் பணம் தர்றாங்கன்னா, குடுக்கற மண்ணு எப்படின்னு அவங்களுக்கே தெரியும்தானே? காக்கநாடு பக்கம் துதியூர்ல கொடுத்தது தூர்த்த சதுப்பு நிலம். அங்கே கட்டின வீடுகள்ல விரிசல் விட்டுச்சு. 2011 பிப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங் முனையத்தைத் திறந்து வச்சப்பவும், நிறையப் பேருக்குச் சொந்தக் கூரை இல்லை. சொன்ன வேலையும் வரலை.

வேடிக்கை என்னன்னா, வயலையும் சதுப்பையும் தூர்க்கக்கூடாதுன்னு கேரளா சட்டம் போட்டதும் அதே 2008லதான். அதனால அங்கே மனை பாக்கறவங்க பத்திரத்தோட நிறுத்தாம, அந்த சர்வே நம்பர் கிருஷி பவன்ல இருக்கற டேட்டா பேங்க்ல வருதான்னும் பாருங்க. விவசாய நிலம்னா வெளிநாட்டுவாழ் இந்தியர் விலைக்கு வாங்கவே முடியாது, புரோக்கர் என்ன சொன்னாலும் சரி.