இளஞ்சிவப்பு முட்டையின் கதை



மலாக்கா வரலாறு என்றால் பரமேஸ்வரா, போர்த்துக்கீசியர் கோட்டை என்றுதான் தொடங்குவோம். நான் சொல்ல வந்ததோ ஒரு நத்தையின் வரலாறு. "நத்தைக்கு என்ன சார் வரலாறு?" என்று சிரிக்காதீர்கள்!

நம் பாட்டன் பூட்டன் சீவிய பால்மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1896-இல் டான் சே யான் அதை மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் நட்டார். நாடே அதனால் பிழைத்தது. அதே தென் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு விருந்தாளிதான் தங்க நத்தை. மலாய்க்காரர்கள் 'சிப்புட் கொண்டாங் எமாஸ்' என்பார்கள்.

1980-ஐ ஒட்டி, கறிக்கு வளர்த்தால் காசு கொட்டும் என்று தைவானுக்குக் கொண்டு வந்தார்கள். ருசி பிடிக்கவில்லை, விலை விழுந்தது. நத்தைகள் வாய்க்காலுக்குப் போயின. பிலிப்பைன்ஸ், ஜப்பான், தாய்லாந்து என்று பரவி நெல் நாற்றுகளைத் தின்று தீர்த்தன. நம் நாட்டில் 1991-இல் சிலாங்கூர் பூச்சோங்கிலும், 1992-இல் சபா கெனிங்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டன.

நெல் வயல் இல்லாத நமக்கென்ன கவலை என்கிறீர்களா? இருக்கிறது! செம்பனைக்குப் போடும் உரம் மழையில் கரைந்து ஓடைக்குத்தானே வருகிறது? நீர்ச்செடிகள் அந்தச் சத்தை உறிஞ்சித் தண்ணீரைத் தெளிவாக வைக்கின்றன. நத்தை அந்தச் செடிகளை மேய்ந்துவிட்டால், சத்தெல்லாம் பாசிக்குத் தீனி. தண்ணீர் பச்சையாகக் கலங்கிப்போகும். மீன்குஞ்சு ஒதுங்க இடமிராது. தாய்லாந்து நீர்நிலைகளில் ஆராய்ந்தவர்கள் 2004-இல் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

தண்ணீர் வற்றினாலும் இது சாகாது; சேற்றுக்குள் ஓட்டை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் ஓடையோரப் புல்தண்டு ஒன்றைக் கொண்டு வந்து, "சார், பபிள்கம் ஒட்டியிருக்கு!" என்றான். அது பபிள்கம் அல்ல, நூற்றுக்கணக்கான முட்டைகள்! நம் நாட்டு நத்தை இப்படி இளஞ்சிவப்பாக முட்டையிடாது.

பிள்ளைகளே! அதைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல், குச்சியால் சுரண்டித் தரையில் நசுக்கிவிடுங்கள். பெற்றோர்களே! நத்தையை நன்றாக வேகவைக்காமல் யாரும் உண்ண வேண்டாம். மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். மீன்தொட்டி நத்தையையும் ஓடையில் கொட்டாதீர்கள்.

இந்த நத்தை தானாக நடந்து வரவில்லை. மனிதன் ஆசைப்பட்டுக் கொண்டு வந்தான், வேண்டாமென்று வீசினான். அந்தத் தவற்றை நம் ஓடையில் நாம் செய்யாதிருப்போம்!