நந்தனைப் பாடும் மன்றம்

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம், நண்பனோடு பாரிமுனையில் இறங்கி ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனேன். கச்சேரியில் நந்தனார் சரித்திரப் பாட்டு ஒன்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அவன் கேட்டான்: “நந்தனைப் பாடுறாங்க, சரிடா. நந்தன் எப்போ பாடுவான்?” அவன் அப்பா ஊரில் பறை அடிப்பவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மன்றம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928ல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. எது சாஸ்திரீயம், எது தரம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மெல்ல அதன் கைக்குப் போயிற்று. சபா மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் நடு இடத்தில் உட்கார்ந்தன. முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியும் பெரும்பாலும் கடைசியில், ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், துக்கடாவாக.

1941ல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் கூட்டிய மாநாடு தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை கேட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே அகாடமி பதில் தீர்மானம் போட்டது: மொழியை உள்ளே கொண்டுவந்து இசையின் தரத்தைக் குறைக்கக் கூடாது. மொழி கடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த இசைக்கு ஏற்கனவே இரண்டு மொழிகள் இருந்தன. அவை மொழியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதிகாரம் வேலை செய்வது இப்படித்தான்.

ராஜாஜி, கல்கி, டி.கே.சி. ஒரு பக்கமிருந்தும் பெரியார் வேறொரு பக்கமிருந்தும் தமிழிசையை ஆதரித்தார்கள். 1943ல் தமிழ் இசைச் சங்கம், 1952ல் மன்றம். அகாடமியின் அரங்கத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955ல், அது திறந்தது 1962ல். துக்கடாவாக ஒதுக்கப்பட்ட பாட்டுக்குப் பத்து வருஷம் முன்பே சொந்தக் கூரை கிடைத்துவிட்டது. தேவாரப் பண்கள் ஆராயப்பட்டன. கோயிலுக்குள் பாடிய ஓதுவாருக்கு நகரத்தில் ஒரு மேடை கிடைத்தது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அரங்கம் கட்டும்போது ஓர் ஒழுங்கையும் சேர்த்தே கட்டுகிறோம். உயர்ந்த மேடை, வரிசை நாற்காலி, நடுவில் வாய்ப்பாட்டு, பக்கத்தில் வயலின், மிருதங்கம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வடிவம் கொடுத்த கச்சேரிப் பத்ததியை மன்றமும் ஏற்றுக்கொண்டது. வீதியில் இரவெல்லாம் ராகத்தை விரித்த நாதஸ்வரம் சபாக்களில் பெரும்பாலும் மங்கள இசையாகச் சுருங்கியது. 1941ன் இரண்டு தீர்மானங்களும் மொழியைப் பற்றியவை. எந்த வாத்தியம், யார் கை என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. பாட்டு தமிழில் இருந்தால் போதுமா, அதில் என்ன இருக்கிறது என்று பெரியார் கேட்டது இங்கே ஞாபகம் வர வேண்டும்.

திரும்ப நந்தனிடம் வருவோம். பெரியபுராணத்தில் இல்லாத வேதியரைக் கொண்டுவந்து, அவரிடம் அனுமதி கேட்டு நிற்கும் பண்ணையாளாக நந்தனை ஆக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதி. மன்றங்கள் கண்ணீரோடு பாடுவது அந்த நந்தனைத்தான். சேக்கிழாரின் திருநாளைப்போவார் செய்த தொண்டு வேறு: கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். வாத்தியத்துக்கு உயிர் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே நின்றவர். இன்றைக்கும் மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்தி மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020ல் அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

ஆக, நண்பனின் கேள்வியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நந்தன் அன்றைக்கும் மேடையில் இருந்தான், தோலாக. பாட்டுக்குள்ளும் இருந்தான், கதையாக. ஆளாக மட்டும்தான் இல்லை. என்ன பாடுவது என்ற சண்டையில் நாம் ஓரளவு ஜெயித்தோம். யார் பாடுவது, யார் வாசிப்பது என்ற சண்டையை மன்றத்துக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். நானும்தான், கண் கலங்கிக்கொண்டு.