படுகளமும் ஹெட்செட்டும்

சென்ற கோடை விடுமுறையில், மாணவர் சிலர் வற்புறுத்தியதன்பேரில், சென்னையின் வணிக வளாகமொன்றில் மெய்நிகர் விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்த்தோம். தலையில் ஹெட்செட்டை மாட்டியதும் வளாகம் மறைந்தது. பல மாடிக் கட்டிடத்தின் உச்சியில் நின்றிருந்தோம். எதிரே ஒரு பலகை வெறுவெளியில் நீண்டு கிடந்தது. அதன்மீது சில அடிகள் நடக்க வேண்டும், அவ்வளவே விளையாட்டு. காலடியில் இருப்பது தரைவிரிப்பு என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் முழங்கால் நடுங்கிற்று, உள்ளங்கை வியர்த்தது. கருவியைக் கழற்றியபோது முதலில் காதில் விழுந்தது மாணவர்களின் சிரிப்பு. நாம் உச்சியில் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் கண்டது, தரைவிரிப்பின்மீது கைகளை விரித்துத் தள்ளாடிய ஒரு நடுவயது ஆசிரியரை மட்டுமே.

அந்த நடுக்கத்தையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கத் தோன்றியது. இக்கட்டுரை அதன் விளைவு.

கண்ணை மயக்கும் இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மனம் அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்ளும் என்பதை 1838இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் வீட்ஸ்டன் தம் கருவியால் மெய்ப்பித்தார். இன்றைய ஹெட்செட்டுக்குள்ளும் இயங்குவது அதே விதியே. அமெரிக்கரான மார்ட்டன் ஹைலிக் 1962இல் காப்புரிமை பெற்ற 'சென்சோராமா' பெட்டியின்முன் அமர்ந்தவருக்கு முப்பரிமாணப் படத்தோடு காற்றும் மணமும் இருக்கையின் அதிர்வும் கிட்டின. 1968இல் ஐவன் சதர்லாண்ட் தலையில் அணியும் கணினித் திரையை அமைத்தார். அக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. 1991இல் இங்கிலாந்தின் 'வர்ச்சுவாலிட்டி' எந்திரங்கள் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தன. 1995இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'வர்ச்சுவல் பாய்' வந்த வேகத்தில் மறைந்தது. 2012இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி வளர்ந்த 'ஆக்குலஸ்' நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியபின்னரே இவ்விளையாட்டு பரவலாயிற்று.

இத்தனை காலம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. தலை திரும்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு மேல் தாமதம் நேர்ந்தால் மயக்கம் குலையத் தொடங்கும். கண் 'நகர்கிறோம்' என்று சொல்ல, உட்செவியின் சமநிலை உறுப்பு 'நகரவில்லை' என்று மறுத்தால் குமட்டல் எடுக்கும். அரை நூற்றாண்டுப் பொறியியலும் இந்த இரண்டு சாட்சிகளையும் ஒரே வாக்குமூலம் கொடுக்க வைக்கும் முயற்சியே எனலாம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1984இல் நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். திரையிலிருந்து நீண்டுவந்த ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கைநீட்டிய குழந்தைகளை அன்றைய பார்வையாளர் பலரும் நினைவுகூர்வர். அங்கே கைநீட்டிய குழந்தைக்குப் பக்கத்து இருக்கையில் கைநீட்டும் இன்னொரு குழந்தை இருந்தது. ஹெட்செட்டில் அந்தப் பக்கத்து இருக்கை இல்லை. அதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்துறை ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். 'நான் அங்கே இருக்கிறேன்' என்ற உணர்வு வேறு. 'இது உண்மையில் நிகழ்கிறது' என்ற உணர்வு வேறு என்பது அதன் சாரம். முன்னதை இடமயக்கம் என்றும் பின்னதை நிகழ்வுமயக்கம் என்றும் நாம் வழங்கலாம். தமிழ் படித்தவருக்கு இது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைவூட்டும். செய்பவனிடம் தோன்றியது காண்பவரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்ற செயிற்றியனாரின் கருத்தை உரை வழியே அறிகிறோம். அச்சமும் மருட்கையும் ஒருவருக்குள் அடங்கிவிடுபவை அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்பவை. பலகைமீது நமக்கு நேர்ந்த அச்சம் நம்மோடு நின்றது; மாணவர்களைச் சென்றடைந்தது நகையே.

சென்றடைதல் எவ்வாறு நிகழும் என்பதைக் காணத் தொண்டைமண்டலத்தின் பாரதக் கூத்தைவிடச் சிறந்த இடமில்லை. திருத்தணி, பொன்னேரி வட்டாரங்கள் உட்படத் திருவள்ளூர் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் பல. அங்கே அக்கினி வசந்த விழா நடைபெறும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இடையிடையே ஊரே பங்கேற்கும் சடங்குகள். பகாசுரனுக்கான சோற்று வண்டி தெருவில் வரும். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாடியபடி ஏறி எலுமிச்சையும் பூவும் இறைப்பான்; பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பர். இறுதி நாளில், மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவம் திறந்தவெளியில் படுத்திருக்கும். வேடம் தரித்தவர்கள் அதன்மீது ஏறிச் சண்டையிட, வீமன் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.

இங்கே கண்ணை மயக்கும் கருவி எதுவுமில்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடிச் சில்லு பதித்த அணிகள், முகவீணை, மத்தளம், நிகழிடமாக ஊர்ப் புறம்போக்கு: இவ்வளவே. மண் உருவத்தை மனிதன் என்று எந்தக் கண்ணும் ஏமாறுவதில்லை. இடமயக்கம் ஏறக்குறைய இல்லை, நிகழ்வுமயக்கமோ முழுமையானது. துகிலுரிதல் காட்சியில் நடிகர்களுக்கு ஆவேசம் வருவதை ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். துச்சாதனனாக ஆடுபவரைச் சக கலைஞர்கள் பிடித்து நிறுத்த வேண்டிய தருணங்கள் உண்டு. சதர்லாண்ட் 1965இல் எழுதிய கட்டுரையொன்றில், முழுமை பெற்ற காட்சிக் கருவியில் தோன்றும் துப்பாக்கிக் குண்டு உயிரைப் பறிக்கும் என்று கற்பனை செய்தார். பொறியாளர் எதிர்காலத்தில் வைத்த அந்த எல்லையை நம் கூத்தர்கள் ஆண்டுதோறும் தொட்டு, அதைக் கடக்காமல் திரும்பும் வழிமுறையையும் வகுத்திருந்தனர்.

எனவே பழையதே சிறந்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. ஊரே நுழையும் உலகம் என்கிறோம். 'ஊர்' என்ற சொல் சேரியை விலக்கி நின்ற சொல் என்பதை மறைக்க முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழைவதற்கு எழுந்த எதிர்ப்பினால் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூன் மாதம் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. பாரதத்தைத் தம் நிலத்தில் நிகழ்த்திய அதே சமூகம், யார் அந்த நிலத்தில் நிற்கலாம் என்பதையும் வரையறுத்தது. ஹெட்செட் சாதி கேட்பதில்லை. பணம் மட்டும் கேட்கிறது. வணிக வளாகத்தில் நமக்கு முன் வரிசையில் நின்ற இளைஞனின் குலம் யாருக்கும் தேவைப்படவில்லை. இதைச் சிறிய ஆதாயம் என்று நாம் கருதவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் இவ்விரு உலகங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கூத்து, இரவு ஷிப்டுக்குச் செல்பவருக்கு எட்டாது. பகல் ஷிப்டுக்குச் செல்பவர் நள்ளிரவிலேயே எழுந்து போவார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளிக்குப் பாரதக் கதை தெரியும்; அவரைப் பந்தலுக்கு அழைப்பார் இல்லை. தங்கும் விடுதியில், மேல் கட்டிலில் கைபேசித் திரைக்குள் அவர் தனியாக ஆடும் விளையாட்டைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கூடி நம்புவதற்கு இடமற்றவர் தனித்து நம்புகிறார்.

நம் முழங்கால் நடுங்கியது பொய்யன்று. அந்தப் பொறியியலை வியக்கவே செய்கிறோம். ஆயினும் மெய்நிகர் விளையாட்டு எவ்வளவு ஆழ்த்தினாலும் அது வாயில்காப்போன் இல்லாத, துணையும் இல்லாத ஓர் அறை; பாரதக் கூத்து துணை மிகுந்த, வாயில்காப்போரும் மிகுந்த ஒரு களம். முன்னதற்குத் துணை சேர்க்கும் வேலையைப் பொறியாளர்கள் தொடங்கிவிட்டனர். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர் ஒரே விளையாட்டுவெளியில் கூட இன்று வழியுண்டு. பின்னதன் வாயிலைத் திறக்கும் வேலைக்குப் பொறியாளர் தேவையில்லை. அது நம்மிடமே இருக்கிறது. அடுத்த கோடையில் படுகளம் காணச் செல்லும் நண்பர்கள் துரியோதனன் தொடையைப் பார்க்கும் அதே வேளையில், கூட்டத்தின் விளிம்பில் எட்ட நிற்பவர் யாரென்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம்.