ஐந்தாம் வகுப்பு என்னும் எல்லைக்கோடு

மலையகக் கல்வி வரலாற்றில் ஐந்து என்ற எண்ணுக்குத் தனி இடமுண்டு. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு மேல் வளர விடப்படவில்லை. அந்தப் பழைய எல்லைக்கோடு இன்று யாரை அதிகம் வருத்துகிறது என்று யோசிக்கையில், நாம் அதிகம் பேசாத ஒரு பிள்ளை என் நினைவில் வந்து நிற்கிறது. அது ஓட்டிசம் உள்ள பிள்ளை.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. பத்து வயதுக்குப் பின் அப்பிள்ளை எங்கே போகும் என்பது பற்றிச் சட்டத்துக்குக் கவலை இருக்கவில்லை. தேயிலை மலை காத்திருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இரு தடவையும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் தொகை கூடியது. ஆயினும் ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும் பாடசாலைகள் பல இன்றும் உள்ளன.

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்தார். அன்றாட ஒழுங்கு சிறிதும் மாறக்கூடாது என்ற தவிப்பை அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக அவர் கண்டார். இலங்கையில் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நகரை அண்டிய ஒரு சமூகத்தில் 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்று மதிப்பிட்டது. அக்கணக்கை மலையகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் லயங்களில் இத்தகைய பிள்ளைகள் பிறப்பதில்லை என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே உள்ள வட்டகொடையைச் சுற்றிய தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். தோட்டப் பாடசாலையில் அப்பிள்ளையின் தாயையும் அண்ணனையும் ஆசிரியருக்குத் தெரியும். ஒரே வகுப்பறை, ஒரே குரல். ஆறாம் தரத்தில் பஸ் பயணம், பெரிய கூட்டம், பாடவேளைக்குப் பாடவேளை மாறும் ஆசிரியர்கள், திடீரென்று அடிக்கும் மணி. மற்றப் பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். இப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒளியும். பிறகு, "படிப்பு ஏறவில்லை" என்ற பெயரோடு வீட்டில் தங்கிவிடும்.

சட்டத்தில் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாகப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 1998இல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட கல்வி, 2016இல் 16 வயது வரை நீண்டது. அதே 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

இனிச் செய்ய வேண்டியவை அதிகம் செலவில்லாதவை. புதிய பாடசாலையை, முதலில் ஆளில்லாத வேளையிலும் பின்னர் வகுப்பு நடக்கும் வேளையிலும், பிள்ளைக்குக் காட்ட வேண்டும். நேரசூசியைப் படங்களாக வரைந்து கொடுக்கலாம். எந்தச் சத்தம் அச்சுறுத்தும், எது அமைதிப்படுத்தும் என்று ஐந்தாம் தர ஆசிரியர் ஒரு பக்கம் எழுதி ஆறாம் தர ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். தேடிப் போகக்கூடிய ஓர் ஆசிரியரும், பக்கத்தில் அமரும் ஒரு தோழனும், ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான மூலையும் வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் மலையக நண்பர்கள் தாங்கள் படித்த பாடசாலைகளுக்குக் கட்டடமும் கணினியும் வழங்கி வருகிறார்கள். அது நல்ல காரியம். அடுத்த முறை போகும்போது அதிபரிடம் இதையும் கேளுங்கள்: ஐந்தாம் தரம் முடித்தவர்களில் ஆறாம் தரத்துக்கு வந்து சேராத பிள்ளை யார்? அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போனார்களா?